கருங்காலியும் கறுப்புச் சாயமும்

கருங்காலி என்றதும் நமக்கு மரம் ஞாபகம் வருவதில்லை. வேலைநிறுத்தத்தின்போது பின்வாசல் வழியாக வேலைக்குப் போகிறவன்தான் ஞாபகம் வருகிறான். தச்சரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். அவருக்கு அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்கிற மரம். வெளிப்பகுதி வெளுத்திருக்கும், வைரம் மட்டும் மைக்கறுப்பு, தண்ணீரில் போட்டால் மூழ்கும், உளியை மழுக்கிவிடும். இந்தக் கறுப்பை வேறு மரங்களில் ஏற்றப் பார்த்த வரலாறு ஒன்று ஐரோப்பாவில் உண்டு. அசல் எது, போலி எது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற கேள்வியோடுதான் அதைப் படிக்க வேண்டும்.

17ஆம் நூற்றாண்டுப் பாரீசில் கருங்காலிப் பேழை பிரபுக்களின் அந்தஸ்து. ஆனால் பேழை முழுக்கக் கருங்காலி கிடையாது. அதை மெல்லிய தகடாக அறுத்து மலிவான மரத்தின்மேல் ஒட்டினார்கள். இந்த வேலை செய்தவர்களுக்கு 'எபெனிஸ்த்' என்று பெயர் வந்தது. பிறகு கருங்காலியைக் கையால் தொடாத உயர்தரத் தச்சனுக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. ஆக, 'அசல்' என்று சொல்லப்பட்டதிலேயே கறுப்பு வெறும் மேல்தோல்தான்.

மரம் கப்பலில் வரவேண்டும், விலையும் அதிகம். ஆகவே சாயம். இரும்புத் துண்டுகளைக் காடியில் ஊறப்போடுவார்கள். அந்த நீரை ஓக் மரத்தில் தடவினால், மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்து கறுத்துவிடும். பேரி மரத்தில் துவர்ப்பு குறைவு. ஆனால் இழை நெருக்கமானது, தேய்த்தால் கருங்காலி மாதிரியே வழவழப்பு வரும். அதனால் அதற்கு முதலில் மாசிக்காய்க் கஷாயமோ, மத்திய அமெரிக்காவின் லாக்வுட் கட்டைச் சாறோ பூசி, பிறகு இரும்பு நீர். இது மேலே ஒட்டிக்கொள்கிற வண்ணமல்ல. மரத்துக்குள்ளேயே நடக்கிற வினை. இன்னொரு வழி 'ஜப்பானிங்'. கிழக்காசிய அரக்கு மரத்தின் பால் ஐரோப்பாவில் கிடைக்காததால், ஸ்டாக்கரும் பார்க்கரும் 1688இல் வெளியிட்ட நூல், சாராயத்தில் கரைத்த அரக்கோடு விளக்குக்கரியைக் கலந்து அடுக்கடுக்காகப் பூசக் கற்றுக்கொடுத்தது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் மூளை என்று நினைத்துவிடக் கூடாது. சோழமண்டலக் கரையின் கலம்காரிக்காரர்கள் கடுக்காய் நீரில் நனைத்த துணியின்மேல், இரும்பும் வெல்லமும் புளித்த நீரால் கறுப்புக் கோடு இழுத்தார்கள். அதே துவர்ப்பு, அதே இரும்பு. ஆனால் இந்தக் கறுப்பு வேறு எதையும் போலச் செய்யவில்லை.

அதே கரையில்தான் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தச்சர்கள் ஐரோப்பியருக்காக நிஜக் கருங்காலியிலேயே நாற்காலிகள் செய்தார்கள். முறுக்குக் கால்கள், நெருக்கமான பூவேலை. அவற்றில் சில இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. 18ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் இப்படிப்பட்ட நாற்காலிகளை டூடர் காலத்து ஆங்கிலப் பொருள் என்று நம்பித் தன் ஸ்ட்ராபெரி ஹில் வீட்டுக்கு வாங்கிப் போட்டார். அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. பிறரும் அப்படியே நம்பினார்கள். பிறகு வந்த ஆய்வுகள்தான் அந்த நாற்காலிகளை இந்தக் கரைக்குத் திருப்பிக் கொடுத்தன. இதற்கு நேர்மாறாக, சீனாவில் செய்த அரக்குத் திரைகளுக்கு 'கோரமாண்டல்' என்று பெயர். இந்தக் கரை வழியாகக் கப்பலேறியது ஒன்றுதான் காரணம். செய்ததற்குப் பேர் போச்சு, செய்யாததற்குப் பேர் வந்தது!

1860களுக்குப் பிறகு இங்கிலாந்தில் போலிக் கறுப்பே ஒரு ரசனையாக மாறியது. 1867 வாக்கில் எட்வர்ட் காட்வின் வடிவமைத்த பக்கமேசை, மஹோகனிக்குக் கறுப்பேற்றியது. அது இன்று அருங்காட்சியகப் பொருள். போலியும் உரிய கையொப்பம் கிடைத்தால் அசலாகிவிடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கையொப்பமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் 1638இல் மொரீசியசில் குடியேறியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அங்கிருந்த கருங்காலி. அதை வெட்ட மடகாஸ்கரிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் பிரெஞ்சு அடிமை வணிகர்கள் ஆப்பிரிக்க அடிமைகளையே 'கருங்காலி மரம்' என்று குழூஉக்குறியாகச் சொன்னார்கள். மரத்தை வெட்டியவனும் வெட்டப்பட்ட மரமும் வியாபாரியின் வாயில் ஒரே சரக்காகிவிட்டார்கள். இது வெறும் உருவகம் என்று ஒதுக்கிவிட முடியுமா? மரத்தில் கறுப்பு இருந்தால் மதிப்பு ஏறுகிறது. மனிதனில் இருந்தால் அவனே மரமாகிவிடுகிறான்.

அருங்காட்சியகச் சீட்டுகளில் இப்போது 'சோழமண்டலக் கரை' என்று எழுதுகிறார்கள். நல்லது. ஆனால் ஊர்ப்பெயர் வந்த இடத்தில் தச்சனின் பெயர் இன்னும் வரவில்லை. சாயம் பூசிய பேரி மரத்தை மட்டும் போலி என்று சொல்லிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு தீராது. நாமும் கருங்காலி என்று ஒருவனைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அந்த மரத்தை நினைத்துப் பார்க்கலாம்.