கேற்றுக்கு வெளியே நின்ற சட்டம்

மலையகத் தொழிலாளர் வரலாற்றைப் பேசும்போது, "அந்தச் சனத்துக்கு உரிமை பற்றித் தெரியாது" எண்டு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தெரியவிடாமல் வைத்திருந்தது யார் எண்டு கேட்க மறந்துபோகிறோம்.

தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் அறிமுகமான சட்டம், பாதுகாக்கும் சட்டமில்லை, தண்டிக்கும் சட்டம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை. அதற்கு மேலே 'துண்டு' முறை. தொழிலாளியின் கடன் அந்தத் துண்டில் எழுதப்பட்டிருக்கும். புதிய தோட்டத்துத் துரை அதைக் கட்டினால்தான் இடம் மாறலாம். ஒரு மனிசரின் நடமாட்டம் முழுக்க ஒரு கடதாசிக்குள்ள. 1921இல்தான் அது ஒழிக்கப்பட்டது.

1927இல் வந்த 27ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழி செய்தது. அதிலும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவுதான். சரி, சட்டம் வந்திட்டுது. அதைத் தொழிலாளிக்கு யார் சொல்வது? எழுதப்பட்டது ஆங்கிலத்தில். செக்ரோல் இருந்தது தோட்டத்துக் கந்தோரில். முறையிடப் போனால் முதலில் நிற்பவர் கங்காணி. தோட்டம் தனியார் காணி என்பதால், வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல் வழக்கு.

இந்தக் கேற்றைத்தான் கோ. நடேசய்யர் தாண்டினார். தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளர். புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனார் எண்டு சொல்வார்கள். 'தேசபக்தன்' நடத்தினார், தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் எழுதினார், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தைத் தொடங்கினார். வாசிக்கத் தெரியாதவர்களிடம் பாட்டாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள். சட்டத்தைக் காதால் கேட்க வைத்தது சின்ன வேலையில்லை.

ஆனாலும் தெரிஞ்சால் மட்டும் போதாது. தன் கூலி குறைவு எண்டு கொழுந்து பறிக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் சம்பள நாளிலேயே தெரியும். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது 1984இல்.

இன்றைக்கு எங்கட ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பலரின் விசாவும் வேலையும் 'கஃபாலா' முறையில் ஒரே முதலாளியின் கையில். துண்டு வேறு பெயரில் இருக்கிறதோ எண்டு தோன்றுகிறது. அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை எண்டு சொல்ல முதல், கேற்றுச் சாவி யாரிடம் இருக்கு எண்டு பார்ப்போம்.