பசுமைக்குடிலின் கூரை: காகிதம், கண்ணாடி, பாலித்தீன்

பசுமைக்குடிலின் வரலாற்றைக் கண்ணாடியின் வரலாறாக எழுதுவதே வழக்கம். கூரைப்பொருள் எதுவோ அதுதான் குடிலின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பது என் கருத்து. குளிரை வெல்லப் பிறந்த அந்த வடிவம் வெயில் மிகுந்த நிலங்களுக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரோமப் பேரரசர் திபேரியசுக்காகச் சக்கரம் பூட்டிய பாத்திகளில் வெள்ளரி இனக் காய் வளர்த்ததை ரோம எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். வெயில் நாளில் பாத்தியை வெளியே தள்ளுவார்கள். குளிர்நாளில் ஒளிபுகும் கல்தகடு பதித்த சட்டங்களுக்குள் இழுத்துக்கொள்வார்கள். ஆனால் வெப்பம், ஈரம், ஒளி மூன்றையும் ஒருசேரத் திட்டமிட்ட குடிலைக் கொரியாவில்தான் காண்கிறோம். 1450-களில் ஜோசன் அரசமரபின் அரண்மனை மருத்துவர் ஜொன் சுனுயி எழுதிய ‘சன்கயோரொக்’ சமையலையும் வேளாண்மையையும் பேசும் நூல். 2001-இல்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் குளிர்காலக் காய்கறிக்கான குடில் கட்டும் முறை இருக்கிறது. மூன்று பக்கம் மண்சுவர், தெற்கே எண்ணெய் பூசிய காகிதம் ஒட்டிய சட்டம். கொரிய வீடுகளில் உள்ளதுபோலத் தரைக்கடியில் அடுப்பின் சூட்டுப்புகை ஓடும் பாதை, அதன்மேல் ஏறத்தாழ ஒன்றரை அடி மண். கொப்பரையில் கொதிக்கும் நீரின் ஆவியையும் உள்ளே விட்டார்கள். வேருக்குச் சூடு ஒரு வழியாகவும் இலைக்கு ஈரம் வேறு வழியாகவும் போயின. எண்ணெய்க் காகிதம் ஒளியைச் சிதறடித்தே உள்ளே விடும். மேலிலையின் நிழல் கீழிலைமேல் அழுத்தமாக விழாது. இன்று ஒளி சிதறும் தாள் என்று தனியாக விலைகொடுத்து வாங்குவது இதே பண்பைத்தான்.

ஐரோப்பாவில் கூரை திறக்கவே நெடுங்காலம் பிடித்தது. 1684–86-இல் கட்டடக் கலைஞர் மான்சார் கட்டிய, பிரான்சின் வெர்சாய் ஆரஞ்சு மாளிகைக்குத் தெற்குப் பக்கம் உயர்ந்த சன்னல்கள் உண்டு, மேலே கல். தொட்டி மரங்களைப் பனியிலிருந்து காக்க அது போதும், பயிர் விளைய மேலிருந்து ஒளி வேண்டும். பிரிட்டனில் 1745 முதல் கண்ணாடிக்கு வரி. தாங்கும் மரச்சட்டங்களோ தடித்தவை, வந்த வெளிச்சத்திலும் ஒரு பங்கை விழுங்கின. 1816-இல் தோட்ட வடிவமைப்பாளர் ஜான் கிளாடியஸ் லவுடன், வளைத்தாலும் வலு குறையாத மெல்லிய தேனிரும்புச் சட்டத்தை உருவாக்கினார். கூரை வானக் கவிகைபோல வளைந்தது, நிழல் இளைத்தது. அடுத்தடுத்து முகடும் பள்ளமுமாக மடிந்த கூரையையும் அவர் முன்மொழிந்தார்: காலை மாலைச் சாய்கதிரை அது நேராக வாங்கும், உச்சிவெயிலைச் சரித்து விடும். இதைத் தோட்டக்கலைஞர் ஜோசப் பாக்ஸ்டன் இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் 1836-இல் தொடங்கிய பெருங்குடிலில் பேரளவில் கையாண்டார். நீளம் 277 அடி. சூட்டுக்கு எட்டுக் கொதிகலன்கள். 1845-இல் கண்ணாடி வரி நீங்கியது, 1851-இல் லண்டனில் கண்ணாடியாலான படிக மாளிகை எழுந்தது. சாட்ஸ்வொர்த் குடிலோ முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்காமல் குளிர்ந்து, செடிகள் மடிந்து, 1920-இல் இடிக்கப்பட்டது. எரிபொருளை நம்பி நின்ற வடிவத்தின் பலவீனத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை.

1909-இல் இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றின் மூடி கண்ணாடி, மற்றதன் மூடி வெப்பக் கதிரைத் தடுக்காத பாறையுப்புத் தகடு. இரண்டிலும் ஏறத்தாழ ஒரே சூடு. குடில் சூடாவதற்கு முதற்காரணம் உள்ளே சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் அடைபடுவதே என்று இது காட்டியது. என் பார்வையில் திருப்புமுனை இதுதான்: அடைபட்ட காற்றுதான் சூட்டைத் தாங்குகிறது என்றால், கூரையைவிடக் கூரையிலுள்ள திறப்பே முக்கியம்.

1948-இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் எமரி எம்மர்ட், கண்ணாடி வாங்க வசதியில்லாமல் மரச்சட்டத்தில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினார். எடை குறைந்தது, தாங்கும் சட்டமும் மெலிந்தது. ஸ்பெயினின் அல்மேரியாவில் 1960-களில் உழவர்கள் திராட்சைப் பந்தலையே பாலித்தீனால் மூடிக் குடிலாக்கினார்கள். இன்று அங்கே சுமார் 30,000 எக்டேர் குடில்கள் உள்ளன. வெயில் ஏறும் பருவத்தில் கூரைக்கு வெள்ளையடிக்கிறார்கள். அந்த வெண்பரப்பு கதிரைத் திருப்பி அனுப்புவதால், 1983 முதல் 2006 வரை அப்பகுதியின் வெப்பம் பத்தாண்டுக்கு 0.3 பாகை செல்சியஸ் அளவில் தணிந்ததாக ஆய்வு கண்டது. வெப்பத்தைப் பிடிக்கப் பிறந்த கூரை இங்கே வெப்பத்தை விரட்டுகிறது.

ஓசூர், தளிப் பக்கத்து ரோஜாக் குடில்களும் இந்த வழி வந்தவையே. 200 மைக்ரான் பாலித்தீன், உயர்ந்த முகடு, முகட்டில் காற்றுவழி, பக்கங்களில் சுருட்டி ஏற்றும் திரை. காற்றுவழியைத் திறந்து வைத்தால் வெள்ளை ஈ நுழையும், பூச்சிவலை கட்டினால் காற்று குறையும். இந்த இழுபறியை வெறும் தாளாலும் சட்டத்தாலும் தீர்க்க முடியவில்லை. பங்குனி நண்பகலில் ஒரு குடிலுக்குள் நின்றிருந்தேன். வலையில் பாதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருந்தார்கள். அந்தப் பக்கம் காற்று முகத்தில் பட்டது. தூசி அடைத்துப் பழுப்பேறிய மறுபாதியை ஒட்டிய வரிசையில் மொட்டிதழ்களின் விளிம்பு கருகியிருந்தது.