பதினாறில் ஒரு பங்கு ஏக்கரும் பரிசு மேசையும்

தைப்பூசத்துக்குப் பினாங்கு வரும் நம்மவர் யாவரும் தண்ணீர்மலையை அறிவார்கள். அங்கே அருவியை ஒட்டி ஒரு தாவரப் பூங்கா இருக்கிறது. 1884ஆம் ஆண்டு சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரின் பொறுப்பில் அது உருவாகத் தொடங்கியது. இன்று நாம் அங்கே காற்று வாங்கப் போகிறோம். அந்நாளில் இத்தகைய பூங்காக்கள் உலாவுவதற்கு மட்டும் ஏற்பட்டவை அல்ல. எந்த நாட்டு விதை எந்த மண்ணில் பலன் தரும் என்று சோதித்துப் பார்க்கும் களங்களாகவும் அவை இருந்தன. விளைந்ததை மேசைமேல் வரிசையாக வைத்து, சிறந்தது எது என்று தீர்மானிக்கும் காய்கறிக் கண்காட்சியும் இந்த ஆர்வத்தோடு வளர்ந்ததுதான். அதன் வரலாற்றையும், அதில் நம் தோட்டத்து மக்களுக்குள்ள பங்கையும் இன்று சிறிது பார்ப்போம்.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியிலுள்ள எக்டன் பிரிட்ஜ் என்னும் சிற்றூரில், கூஸ்பெரி என்ற பழத்துக்கு 1800ஆம் ஆண்டிலேயே போட்டி தொடங்கிவிட்டது. எடை மிகுந்த பழமே அங்கே வெல்லும். 1804இல் லண்டனில் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. அந்தப் பழக்கம் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. கல்கத்தாவில் 1820இல் வில்லியம் கேரியும், சென்னையில் 1835இல் ராபர்ட் வைட்டும் வேளாண் தோட்டக்கலைச் சங்கங்களைத் தோற்றுவித்தனர். உதகையின் தாவரப் பூங்காவுக்கோ காய்கறியே மூலகாரணம் எனலாம். மலையில் குடியேறிய ஐரோப்பியர்கள் 1845இல் சந்தா கட்டி ஒரு காய்கறித் தோட்டம் போட்டார்கள். 1848இல் மெக்ஐவர் பொறுப்பேற்ற பிறகு அது பெரும் பூங்காவாக வளர்ந்தது. 1896 முதல் உதகையில் மலர்க்காட்சி நடந்து வருகிறது. பக்கத்துக் கோத்தகிரியில், நேரு பூங்காவில், காய்கறிக்கென்றே கோடையில் ஒரு காட்சி நடத்துகிறார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1923ஆம் ஆண்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மலாயா வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றிய ஆண்டு அது. இன்று செர்டாங்கில் நடக்கும் 'மாஹா' என்னும் பெரிய வேளாண் கண்காட்சிக்கு வித்து அங்கேதான் விழுந்தது. அதே 1923இல்தான் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் வந்தது. தோட்டத்தில் குடும்பத்தோடு வாழும் இந்தியத் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் நிலம் ஒதுக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறிற்று. கணக்கிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 2,720 சதுர அடி. ஒருபுறம் பரிசு மேசை. மறுபுறம் லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். காலையில் பால்மரம் வெட்டி, மாலையில் அந்த நிலத்துக்குத் தண்ணீர் சுமந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்.

ஜப்பானியர் காலத்தில், 1941 கடைசி முதல் 1945 வரை, அரிசி கிடைக்காதபோது இத்தகைய நிலத்தில் நட்ட மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தன. பின்பு 1974இல் துன் அப்துல் ரசாக் அரசாங்கம் பச்சைப் புத்தகத் திட்டத்தைக் கொண்டுவந்து, வீட்டுக்கு வீடு காய்கறி நடும்படி ஊக்கப்படுத்தியது.

கண்காட்சியில் எதைப் பார்த்துப் பரிசு கொடுக்கிறார்கள்? பருமனைப் பார்த்து என்றே பலர் நினைக்கிறார்கள். நாமும் அப்படித்தான் நினைத்தோம். எடைப் போட்டி வேறு. தரப் போட்டி வேறு. தரப் போட்டியில் ஒரு தட்டில் வைக்கும் காய்கள் நீளத்திலும் நிறத்திலும் முற்றலிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஐந்து வெண்டைக்காயில் ஒன்று நார் பாய்ந்திருந்தால், மற்ற நான்கின் பெருமையும் போயிற்று.

இதை நாம் கற்றது ஒரு தவற்றினால். செபராங் பிறையில் நாம் பணிபுரியும் தோட்டப் பள்ளியிலிருந்து, சில ஆண்டுகளுக்கு முன், ஜார்ஜ் டவுனில் நடந்த ஒரு மாணவர் போட்டிக்குப் புடலங்காய் கொண்டுபோனோம். "ஐயா, பாட்டி மூணு காய் ஒரே அளவா வச்சிருக்காங்க, அதைக் கொண்டு போவோம்" என்றாள் ஒரு மாணவி. நாம் கேட்கவில்லை. இருப்பதிலேயே நீளமான காயையும், அதற்குத் துணையாக வேறு இரண்டையும் பொறுக்கி எடுத்தோம். நடுவர் தட்டைப் பார்த்துத் தலையசைத்தார். "சிக்கு, மூன்றும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போல இல்லையே" என்று மலாயில் சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அது நமக்கு மிகவும் உறுத்தியது.

மறுநாள் பாட்டியிடம் போய் நம் தவற்றைச் சொன்னோம். அவர் பந்தலைக் காட்டினார். ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் நூலில் ஒரு சிறு கல் தொங்கிற்று. "பரிசுக்காக இல்லீங்க வாத்தியாரையா. கோணலா இருந்தா சந்தையில வெல கெடைக்காது" என்றார். நேராக வளர வேண்டும் என்று மணல் நிரப்பிய பீப்பாயில் காரட் வளர்க்கிறார்கள் இங்கிலாந்துப் போட்டிக்காரர்கள். அந்த நுட்பத்துக்கு இந்தக் கல் எவ்வகையிலும் குறைந்ததன்று. மேசையில் ஏறும் காய்க்குப் பெயர்ச்சீட்டு உண்டு; பந்தலில் தொங்கும் காய்க்கு இல்லை. வேறுபாடு அவ்வளவே.

அடுத்த ஆண்டு அத்தோட்டம் வீடமைப்புக்குப் போயிற்று. பாட்டி அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். போகுமுன் முற்றிய புடலங்காய் ஒன்றைப் பள்ளிக்குக் கொடுத்தார். அதன் விதையை ஆண்டுதோறும் பிள்ளைகள் நடுகிறார்கள், கல்லும் கட்டுகிறார்கள். இப்போது போட்டிக்குப் போகும் தட்டில் மூன்று காய்களும் ஒரே அளவு. பெயர்ச்சீட்டில் பள்ளியின் பெயருக்குக் கீழே, விதை தந்தவர் என்று பாட்டியின் பெயரையும் எழுதுகிறோம்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு சுரையோ பாகலோ அவரையோ மூன்று தலைமுறையாக வந்திருக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே அந்த விதையைக் கேட்டு வாங்குங்கள். வளர்க்கும் முறையையும் கேளுங்கள். உறையின்மேல் அவர்கள் பெயரை எழுதி வையுங்கள். மண் இல்லாவிட்டால் ஒரு தொட்டி போதும்.