ஒரு கட்டளை உருவான கதை: டாட்நெட் நியூ வெப்ஏபிஐ

டெர்மினலில் ‘டாட்நெட் நியூ வெப்ஏபிஐ’ என்று தட்டி என்டரை அழுத்தினால், ஓடத் தயாரான ஒரு வலைச் சேவை சில நொடிகளில் கோப்புறைக்குள் வந்துவிடும். ‘டாட்நெட் ரன்’ என்று இன்னொரு வரி தட்டினால் அது கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கும். மைக்ரோசாப்டின் டாட்நெட் தளத்தில் நிரல் எழுதுவோருக்கு இது இன்று அன்றாட வேலை. ஆனால் டாட்நெட் வெளிவந்து 15 ஆண்டுகள் கழிந்த பிறகே, 2017இல், இந்தக் கட்டளை இப்போதுள்ள உருவத்துக்கு வந்தது.

2002இல் டாட்நெட் அறிமுகமானபோது புதிய ப்ராஜெக்ட் தொடங்கும் வழி விஷுவல் ஸ்டுடியோ மென்பொருள்தான். பைல் மெனு, நியூ, ப்ராஜெக்ட் என்று போய், திறக்கும் பெட்டியில் ஒரு டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் கணினி இல்லாமல் இது நடக்காது. வெப் ஏபிஐ என்ற பெயர் அந்தப் பெட்டிக்குள் வந்தது 2012இல். முதலில் மைக்ரோசாப்டின் டபிள்யூசிஎஃப் என்ற சேவைக் கட்டமைப்பின் குழுவில் முளைத்த அந்த முயற்சி, பிறகு வலைச் செயலிகளுக்கான ஏஎஸ்பி டாட்நெட்டோடு சேர்க்கப்பட்டு, அதன் எம்விசி 4 பதிப்புடன் வெளியானது.

மற்ற மொழிக்காரர்கள் இதற்குள் வெகுதூரம் போயிருந்தார்கள். டேவிட் ஹைனமைர் ஹான்சன் 2004இல் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸ், ஒரே கட்டளையில் முழு வலைச் செயலியின் கோப்புறை அமைப்பையும் உருவாக்கித் தந்தது. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலச் செய்தித்தாள் ஒன்றின் அலுவலகத்தில் உருவாகி 2005இல் பொதுவுக்கு வந்த ஜாங்கோ, ‘ஸ்டார்ட்ப்ராஜெக்ட்’ கட்டளையோடு வந்தது. ரெயில்ஸின் புகழுக்கு ரூபி மொழியின் அழகு ஒரு காரணம் என்றால், வெறுங்கோப்புறையிலிருந்து சில நிமிடங்களில் ஓடும் வலைப்பூவை எழுப்பிக் காட்டிய செய்முறை வீடியோ இன்னொரு காரணம். எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்ற வாக்குவாதத்தைத் தொடக்கத்திலேயே தீர்த்துவைத்ததுதான் அந்தக் கட்டளைகள் செய்த பெரிய உபகாரம்.

மைக்ரோசாப்ட் இந்தப் பக்கம் திரும்பியது 2014இல். லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும் புதிய டாட்நெட்டைத் திறந்த மூலமாகத் தருவதாக அது அந்த ஆண்டு அறிவித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகள் பெயர்க் குழப்பத்தின் காலம். கட்டளைகள் முதலில் ‘கே’ என்ற ஒற்றை எழுத்தில் இருந்தன. 2015இல் அது ‘டிஎன்எக்ஸ்’ ஆயிற்று. கடைசியில் ‘டாட்நெட்’ நிலைத்தது. இடைப்பட்ட நாட்களில் விண்டோஸுக்கு வெளியே ப்ராஜெக்ட் தொடங்க விரும்பியவர்கள் யோமன் என்ற கருவியின் ‘யோ ஏஎஸ்பிநெட்’ கட்டளையை நாடினார்கள். யோமனோ நோட் ஜேஎஸ்ஸில் ஓடுவது. ஆக, மைக்ரோசாப்டின் சொந்தத் தளத்தில் ஒரு ப்ராஜெக்ட் தொடங்க முதலில் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளை நிறுவ வேண்டியிருந்தது.

2016 ஜூனில் டாட்நெட் கோர் 1.0 வந்தபோது ‘டாட்நெட் நியூ’ கட்டளையும் கூடவே வந்தது. ஆனால் தெரிவுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வெப் ஏபிஐ அவற்றில் இல்லை. 2017 மார்ச்சில், விஷுவல் ஸ்டுடியோ 2017உடன் வந்த கருவித் தொகுப்பில்தான் புதிய டெம்ப்ளேட் இயந்திரமும் ‘வெப்ஏபிஐ’ என்ற குறும்பெயரும் கிடைத்தன. அந்த இயந்திரம் வேலை செய்யும் விதம் எளிது. டெம்ப்ளேட் என்பது டாட்நெட்டின் பொதி வடிவமான நியூகெட்டில் கட்டப்பட்ட, உண்மையிலேயே ஓடக்கூடிய ஒரு மாதிரி ப்ராஜெக்ட். அதை நகலெடுத்து, மாதிரிப் பெயர் வரும் இடங்களிலெல்லாம் பயனர் கொடுத்த பெயரை இயந்திரம் போட்டுவிடும். எந்த நிறுவனமும் தன் வழக்கத்துக்கு ஏற்ற டெம்ப்ளேட்டைத் தயாரித்து இதே கட்டளையில் செருகிக்கொள்ளலாம்.

கட்டளை நிலைபெற்ற பிறகும் அது தரும் உள்ளடக்கம் மாறிக்கொண்டே வந்தது. தொடக்க ஆண்டுகளில் கிடைத்தது ‘வேல்யூஸ் கன்ட்ரோலர்’. கன்ட்ரோலர் என்பது வரும் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் நிரல்பகுதி. இது ‘வேல்யூ1’, ‘வேல்யூ2’ என்ற இரண்டு சொற்களைத் திருப்பித் தரும், அவ்வளவே. 2019 செப்டம்பரில் வந்த டாட்நெட் கோர் 3.0 அதை நீக்கி வானிலை முன்னறிவிப்பை வைத்தது. ஐந்து நாட்களுக்கான வெப்பநிலையும், உறைகுளிரிலிருந்து கொளுத்தும் வெயில்வரை பத்துச் சொற்களில் ஒன்றும் தோராயமாகப் பொறுக்கித் தரப்படும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பொறுக்குவதால், கழித்தல் 15 டிகிரிக்குக் கொளுத்தும் வெயில் என்று வருவதும் உண்டு. பாரன்ஹீட் கணக்கிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. செல்சியஸை 0.5556 ஆல் வகுத்து, தசமத்தை வெட்டி, 32 கூட்டுவது அதன் முறை. 10 டிகிரி செல்சியஸ் என்பது 50 பாரன்ஹீட். டெம்ப்ளேட்டோ 49 என்று சொல்லும். அழித்துவிட்டுத் தொடங்க வேண்டிய மாதிரிதானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த வானிலைக் கோப்புகளை அழிக்க மறந்து வாடிக்கையாளரிடம் கொண்டுபோகும் ப்ராஜெக்ட்கள் இருக்கத்தான் செய்கின்றன.

அதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் பெரும்பாலும் சுருக்கும் வேலைதான். 2021இன் டாட்நெட் 6, ‘ஸ்டார்ட்அப்’ கோப்பை ஒழித்து அதன் பணியை ‘ப்ரோகிராம்’ கோப்பில் சேர்த்தது. 2023இன் டாட்நெட் 8 கன்ட்ரோலர்களையும் விட்டுவிட்டது. முகவரியும் அதற்கான பதிலும் ஒரே கோப்பில் எழுதப்படும் ‘மினிமல் ஏபிஐ’யே இயல்பானது. பழைய முறை வேண்டுவோர் ‘யூஸ் கன்ட்ரோலர்ஸ்’ என்ற தெரிவைக் கட்டளையோடு சேர்க்க வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு இது நன்மையே. பத்துக் கோப்புகளைக் கண்டு மிரள வேண்டியதில்லை. நூறு முகவரிகள் உள்ள பெரிய ப்ராஜெக்டுக்கோ கன்ட்ரோலர் பிரிவினையே இன்றும் வசதி.

சுருங்கியவற்றில் பலருக்கும் உடனே தட்டுப்படுவது ஸ்வாகர். சேவையை உலாவியிலேயே சோதித்துப் பார்க்க உதவும் அந்தப் பக்கம், 2020இல் டாட்நெட் 5 வந்ததிலிருந்து டெம்ப்ளேட்டோடு தானாகவே கிடைத்துவந்தது. 2024 நவம்பரில் வந்த டாட்நெட் 9 அதை எடுத்துவிட்டு, சேவையின் முகவரிகளை விவரிக்கும் ஓபன்ஏபிஐ கோப்பை மட்டும் தருகிறது. பழைய பாடங்களைப் பார்த்துப் பழகியவர்கள் புது ப்ராஜெக்டை ஓட்டி முகவரியின் முடிவில் ஸ்வாகர் என்று தட்டினால் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழைதான் வரும். அந்தப் பக்கம் வேண்டுமென்றால் அதற்கான பொதியைத் தாங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.