கோப்பின் கைரேகை

கைரேகை ஒருவர் யார் என்பதைக் கூறும். அவர் நல்லவரா என்பதைக் கூறாது. மென்பொருள் கோப்புகளை இனங்காணும் முறையின் வரலாறும் இவ்வுண்மையையே நமக்கு உணர்த்துகிறது.

ஒரு கோப்பு எத்துணைப் பெரிதாயினும் அதனைக் கணித முறையால் குறித்த நீளமுடைய எண்கோவையாகச் சுருக்கலாம். இதனை 'ஹேஷ்' என்பர். கோப்பின் பெயரை மாற்றினாலும் எண்கோவை மாறாது. உள்ளே ஓரெழுத்து மாறினும் அது முற்றிலும் வேறாகிவிடும். அமெரிக்க அறிஞர் ரொனால்டு ரிவெஸ்ட் 1991இல் வகுத்த 'எம்.டி.5' இவ்வகையில் பெரிதும் பரவிய முறையாகும்.

அமெரிக்காவின் 'நிஸ்ட்' என்னும் தர நிர்ணய நிறுவனம், அறியப்பட்ட மென்பொருள்களின் எண்கோவைகளைத் திரட்டித் தேசிய மென்பொருள் மேற்கோள் நூலகமாகப் பேணி வருகிறது. புலனாய்வாளர்கள், கைப்பற்றிய கணினியிலுள்ள கோப்புகளை இப்பட்டியலோடு ஒப்பிட்டு, அறிந்தவற்றை ஒதுக்கி, எஞ்சியவற்றை ஆராய்கின்றனர். ஆயினும் அப்பட்டியலில் ஊடுருவல் கருவிகளும் இடம்பெற்றுள்ளன. 'அறியப்பட்டது' வேறு, 'நல்லது' வேறு என்பதை நாம் இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ரேகையே பொய்த்ததும் உண்டு. 2004இல் சீன அறிஞர் வாங் சியாவ்யுன் குழுவினர், வெவ்வேறு தரவுகளுக்கு ஒரே எம்.டி.5 எண்கோவை அமையுமாறு செய்து காட்டினர். 2012இல் வெளிப்பட்ட 'ஃபிளேம்' என்னும் தீநிரல், இம்முறையின் பலவீனத்தைக் கொண்டே மைக்ரோசாஃப்டின் ஒப்பம் பெற்றதுபோல் வேடமிட்டது. 2017இல் 'எஸ்.எச்.ஏ.-1' முறையும் இவ்வாறே முறியடிக்கப்பட்டது. இன்று பெரிதும் நம்பப்படுவது 64 குறியீடுகளால் எழுதப்படும் 'எஸ்.எச்.ஏ.-256' ஆகும்.

எண்கோவை வலுவானதாயினும் ஐயம் முற்றும் நீங்குவதில்லை. 'எக்ஸ்.இசட்.' என்னும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி ஒன்று புதைக்கப்பட்டிருந்தமை 2024 மார்ச்சில் அம்பலமானது. புதைத்தவர் புறத்திலிருந்து வந்த கள்வரல்லர். ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்ற பராமரிப்பாளரின் கணக்கிலிருந்தே அது வெளியானது. ஆகவே எண்கோவையை ஒப்பிட்டவருக்கு அது சரியாகவே பொருந்தியிருக்கும். அதனைக் கண்டுபிடித்தது எந்தப் பட்டியலுமன்று. கணினியில் நுழைவதற்கு அரை நொடி கூடுதலாவது ஏன் என வினவிய ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளரின் விழிப்பேயாகும்.

நஞ்சு அறியப்பட்டபின், நஞ்சேறிய கோப்புகளை எங்கிருந்தாலும் இனங்காண உதவுவதும் அதே எண்கோவைதான். 'இது எது?' என்னும் வினாவுக்கு அது ஐயமற விடை தரும். 'இதனை நம்பலாமா?' என்னும் வினாவை மனிதரிடமே விட்டுவிடுகிறது. முதல் விடையை இரண்டாவதன் விடையாகக் கொள்வதே நாம் தவிர்க்க வேண்டிய பிழையாகும்.