வட்டத்தொட்டி போன வழி

எங்கள் ஊர் பண்பொழி. ஊருக்குள் 'பம்புளி' என்றால்தான் வாயில் வரும். இங்கே பழைய வீடுகளில் தொட்டிக்கட்டு உண்டு. நாலு பக்கமும் ஓட்டுத் தாழ்வாரம், நடுவில் வானம் பார்த்த முற்றம். ஆனியில் சாரல் பிடித்தால் ஓட்டு நுனியிலிருந்து தண்ணீர் நூல்நூலாக இறங்கும். ஆச்சி குடத்தையும் அண்டாவையும் வரிசையாக வைத்துவிட்டு, வந்தவர்களைத் தாழ்வாரத்தில் உட்காரச் சொல்வாள். அங்கே வந்து உட்கார யாருக்கும் அழைப்பு வேண்டியதில்லை.

அப்படி ஒரு முற்றம் ஊர்விட்டு ஊர் போயிருக்கிறது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் வீட்டுத் தொட்டி வட்டமானது. 1920களில் ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் அதில் கூட ஆரம்பித்தார்கள். நாளடைவில் 'வட்டத்தொட்டி' என்பது அந்தக் கூட்டத்துக்கே பெயராகிவிட்டது. தலைவர் கிடையாது, சந்தா கிடையாது, தீர்மானம் கிடையாது. கம்பன் பாட்டு ஒன்றை டி.கே.சி. சொல்வார், நிறுத்துவார், திரும்பச் சொல்வார். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் அதைவிட்டு நகரவே மாட்டார். கேட்டவர்களில் தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான் இருந்தார், நீதிபதி எஸ்.மகராஜன் இருந்தார். அவர்கள் எழுதியதைப் படித்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனை வரும்.

டி.கே.சி. வக்கீல், அறநிலையத் துறை ஆணையராகச் சென்னைக்குப் போனவர். பிறகு குற்றாலத்துக்கு வந்து தங்கினார். வட்டச் சுவர் வண்ணார்பேட்டையிலேயே நின்றுவிட, முற்றம் மட்டும் அவரோடு அருவிக்கரைக்கு வந்துவிட்டது. ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். இடைசெவலிலிருந்து கி.ராஜநாராயணன் என்ற இளைஞரும் வந்தார். 1954 பிப்ரவரியில் டி.கே.சி. மறைந்தார்.

எங்கள் வட்டாரத்தில் அந்த முற்றத்தின் சாயலை நான் அடுத்துப் பார்த்தது ஒரு மென்பொருள் கம்பெனியின் பக்கத்தில். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ 2011இல் அலுவலகம் திறந்தது. உலகம் முழுக்க விற்கும் 'ஜோஹோ டெஸ்க்' மென்பொருள் உருவானது இங்கேதான். 2019இல் ஜோஹோவை நிறுவிய ஸ்ரீதர் வேம்பு மத்தளம்பாறைக்கே குடிவந்தார். மறு வருஷம் கொரோனா ஊரடங்கு. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது மூன்று பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லத் தொடங்கினார். சில மாதத்தில் அது ஐம்பது பிள்ளைகளாகி, ஆசிரியர்கள் வைத்து, சோறு போட்டு, ஒரு பள்ளியாகவே ஆகிவிட்டது. கம்பெனிக்காரர் ஒருவரிடம் ஊர்ப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்த இந்தக் காட்சியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆனால் அலுவலகம் என்றால் நமக்கு வாசலில் செக்யூரிட்டி, கழுத்தில் அடையாள அட்டை. லீவு நாளில் அதற்குள் நாற்காலி, மின்விசிறி, நெட், குடிதண்ணீர் எல்லாம் சும்மா கிடக்கின்றன. அப்படிக் கிடக்கும் இடத்தைத் திறந்துவிட்டவர்களும் உண்டு. சென்னை வேளச்சேரியில் 'பயிலகம்' என்ற மென்பொருள் பயிற்சி நிறுவனம் லினக்ஸ் ஆர்வலர்கள் கூடுவதற்குத் தன் இடத்தைக் கொடுத்திருக்கிறது. வருகிறவர் அங்கே வேலை பார்க்க வேண்டியதில்லை. லேப்டாப்பைத் திறந்து பக்கத்தில் இருப்பவரிடம் சந்தேகம் கேட்கத் தெரிந்தால் போதும்.

அப்படி ஒரு இடம் எங்கள் பக்கத்திலும் வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை மாடியறையில் இருந்தபடியே வெளியூர் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். கூட வேலை செய்கிறவர்களின் குரல்தான் அவளுக்குப் பழக்கம். ஒரு இடத்தில் வேலை சிக்கிக்கொண்டால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ராத்திரி முழுக்க அதோடு மல்லுக்கட்டுகிறாள். காலையில் பால் வாங்க வரும்போது கண் சிவந்திருக்கும். இவளைப் போல நாலு பேர் செங்கோட்டையில் இருப்பார்கள், நாலு பேர் கடையநல்லூரில் இருப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

தென்காசிச் சுற்றுவட்டாரத்தில் அலுவலகம் வைத்திருப்பவர்களிடம் இவர்கள் கூடி உட்கார நான் கேட்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு அறை, ஒரு பானை காப்பி, ஒவ்வொரு வாரமும் தவறாமல் கதவைத் திறந்து வைக்க ஒரு ஆள். மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஏழரைக்கு முடித்துவிட்டால், அந்தப் பிள்ளை செங்கோட்டை வழியாகப் பஸ் பிடித்துப் பம்புளி வந்து சேர்ந்துவிடுவாள்.