செசபீக் – ஒஹையோ கால்வாய் இழுபாதை

செசபீக் – ஒஹையோ கால்வாய் இழுபாதை என்பது அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் ஜார்ஜ்டவுன் பகுதியில் தொடங்கி, மேரிலாந்து மாநிலத்தின் மேற்கே கம்பர்லாண்ட் வரை போட்டோமாக் ஆற்றின் கரையோடு செல்லும் மண்பாதை. நீளம் 297 கி.மீ. கால்வாய்ப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்த கோவேறு கழுதைகள் நடப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் போடப்பட்டது. இன்று சைக்கிள்காரர்களும் நடப்பவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். கார், மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது.

இதில் மவுன்டன் பைக்கில் போகலாம் என்றதும் செங்குத்து மலையும் பாறைச் சரிவும் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே அந்த அச்சம் வேண்டாம். முழுத் தொலைவுக்கும் சேர்த்துப் பாதை ஏறும் உயரம் 184 மீட்டர்தான். பாரம் இழுக்கும் விலங்குக்கு ஏற்றம் ஆகாது. கால்வாய் நீரும் மட்டமாக நிற்க வேண்டும். எனவே உயர வேறுபாட்டை 74 நீர்ப்பூட்டுகளில் அடக்கினார்கள். நீர்ப்பூட்டு என்பது இரு முனையிலும் கதவு வைத்த கல்தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவை மூடி நீரை ஏற்றினால் படகு மேலெழும், வடித்தால் கீழிறங்கும். ஒரு பூட்டில் ஏறுவது சுமார் இரண்டரை மீட்டர். பூட்டை ஒட்டி மட்டும் பாதையில் சிறு மேடு வரும், அதைத் தாண்டினால் மறுபடி சமதளம். கழுதைக்காகப் பார்த்த இந்த வசதிதான் இன்று பிள்ளைகளுக்கும் கைகொடுக்கிறது.

கட்டுமானத்தை 1828 ஜூலை 4 அன்று குடியரசுத் தலைவர் ஜான் குயின்சி ஆடம்ஸ் தொடங்கிவைத்தார். மண்வெட்டி வேரில் மாட்டிக்கொள்ள, அவர் மேலங்கியைக் கழற்றிவிட்டு வெட்டியதைக் கண்டு கூட்டம் ஆரவாரித்தது. அதே நாளில் பால்டிமோரில் பால்டிமோர் – ஒஹையோ ரயில்பாதைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். இரு நிறுவனங்களின் இலக்கும் மேற்கே ஒஹையோ ஆறு. பாயிண்ட் ஆஃப் ராக்ஸ் என்னுமிடத்தில் மலைக்கும் ஆற்றுக்கும் இடையிலிருந்த குறுகிய நிலம் யாருக்கு என்று நீதிமன்றம் போனார்கள். வழக்கில் கால்வாய் வென்றது, பந்தயத்தில் ரயில் வென்றது. ரயில் 1842இல் கம்பர்லாண்டை எட்டியது. கால்வாய் 1850இல்தான் வந்து சேர்ந்தது. அதற்கு மேல் வெட்டப் பணமும் இல்லை, தேவையும் இல்லை.

இருந்தும் 1924 வரை படகுகள் ஓடின, பெரும்பாலும் கம்பர்லாண்ட் நிலக்கரியோடு. ஒரு படகில் நூறு டன்னுக்கு மேல் ஏற்றுவார்கள். படகுக்காரர் குடும்பத்தோடு படகிலேயே குடியிருந்தார். மூத்த பிள்ளைகள் கழுதை ஓட்டினார்கள். தவழும் குழந்தை தண்ணீரில் விழாமலிருக்க அதன் இடுப்பில் கயிறு கட்டித் தளத்தில் பிணைத்து வைப்பது வழக்கம். பூட்டுக்காரருக்குச் சம்பளத்தோடு வீடும் கிடைத்தது. நள்ளிரவானாலும் படகின் ஊதுகொம்புச் சத்தம் கேட்டால் எழுந்து வந்து கதவைத் திறக்க வேண்டும். அந்த வீடுகள் பல இன்றும் பாதையோரம் நிற்கின்றன. சிலவற்றில் வாடகைக்கு இரவு தங்கலாம்.

1924 வெள்ளம் கால்வாயை உடைத்தது. ரயில் நிறுவனத்தின் கைக்குப் போயிருந்த சொத்தை 1938இல் அரசு 20 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1950களில் அதன்மேல் கார்ச்சாலை போடும் திட்டம் வந்தது. வாஷிங்டன் போஸ்ட் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுத, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் ஆசிரியர்களைத் தம்மோடு நடந்து பார்க்க அழைத்தார். 1954 மார்ச்சில் கம்பர்லாண்டிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டது. அவரையும் சேர்த்து முழுத் தொலைவும் நடந்தவர்கள் ஒன்பது பேர். நாளிதழ் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 1971இல் இவ்விடம் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. சரக்குக் கால்வாயாகத் தோற்றதற்கு இதைவிட நல்ல ஈடு கிடைத்திருக்க முடியாது.

பாதையின் எல்லாப் பகுதியும் குடும்பத்துக்கு ஒன்றுபோல் பொருந்தாது. ஜார்ஜ்டவுனை ஒட்டிய பகுதியில் கூட்டம் அதிகம். 23ஆவது கி.மீ.யில் கிரேட் ஃபால்ஸ் அருவிகள் உள்ளன; அருவியருகே போகும் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதியில்லை, பூட்டி வைத்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். 68ஆவது கி.மீ.யில் மொனாக்கசி தொட்டிப்பாலம் குறுக்கிடுகிறது. கால்வாயையே தூக்கி ஓர் ஆற்றைக் கடக்க வைத்த ஏழு வளைவுக் கற்பாலம் இது; 1833இல் முடிந்தது. 1862இல், உள்நாட்டுப் போரின்போது, தென்மாநிலப் படையினர் தகர்க்க முயன்றும் இதன் கல் அசையவில்லை.

பிள்ளைகளோடு ஒருநாள் மட்டும் போவதென்றால் பிரன்ஸ்விக்கிலிருந்து ஹார்பர்ஸ் ஃபெரி வரையிலான சுமார் 9 கி.மீ. சிறந்த தேர்வு. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தூர்ந்துபோன கால்வாய், அதைத் தாண்டி ரயில் தண்டவாளம். முடிவில் ஷெனண்டோவா ஆறு போட்டோமாக்கோடு கலக்கிறது. எதிர்க்கரையிலுள்ள ஹார்பர்ஸ் ஃபெரி ஊரின் ஆயுதக்கிடங்கைத்தான் அடிமைமுறை எதிர்ப்பாளர் ஜான் பிரவுன் 1859 அக்டோபரில் கைப்பற்றினார். ஊருக்குள் போக ரயில்பாலத்தை ஒட்டிய நடைபாலம் உண்டு, ஆனால் இக்கரையில் படியேற வேண்டும். கனமான சைக்கிளோடும் களைத்த பிள்ளையோடும் அந்தப் படிகளில் ஏறுவதைவிட, கீழேயே சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போவது புத்திசாலித்தனம்.

அங்கிருந்து மேற்கே ஆன்டீட்டம் ஓடையின் தொட்டிப்பாலம். அருகிலுள்ள ஷார்ப்ஸ்பர்க் வயல்களில் 1862 செப்டம்பர் 17 அன்று நடந்த போரில், இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் என ஒரே நாளில் சுமார் 23,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அடுத்த நாள் இரவு தென்மாநிலத் தளபதி லீயின் படை போட்டோமாக்கின் ஆழமற்ற துறையொன்றில் இறங்கிப் பின்வாங்கியது. இழுபாதை அந்தத் துறையை ஒட்டியே போகிறது.

மேற்கில் பெயர்பெற்றது பாபா சுரங்கம். ஆற்றின் வளைவுகளைத் தவிர்க்க மலையைக் குடைந்து 950 மீட்டருக்குச் செங்கல் வளைவு கட்டினார்கள். 1836இல் தொடங்கிய வேலை 1850இல்தான் முடிந்தது. உள்ளே இருட்டு, இழுபாதையும் குறுகல். டார்ச் கட்டாயம் வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும்.

பாதையின் தரை மண்ணும் நொறுக்குக் கல்லும் கலந்தது. மெல்லிய டயர் வேண்டாம். மவுன்டன் பைக்கோ அகல டயர் போட்ட சைக்கிளோ போதும். மழைக்குப் பிறகு சகதியாகும், மர வேர்கள் தட்டும். சில கி.மீ. இடைவெளியில் கட்டணமில்லாக் கூடார இடங்கள் உள்ளன. முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கே இடம். மேரிலாந்துச் சட்டப்படி 16 வயதுக்குட்பட்டவர்கள் ஹெல்மெட் அணிய வேண்டும். முந்தும்போது மணியடிக்க வேண்டும், குப்பையைத் திரும்ப எடுத்துச்செல்ல வேண்டும். குளிர்காலத்தில் கூடார இடங்களின் அடிபம்புகளை மூடிவிடுவார்கள். ஆறு பெருகினால் பாதை அங்கங்கே அடைபடும். ஆகவே கிளம்பும் முன் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.